காட்டன் விட்டுச்சென்ற கேள்வி

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-இல் பம்பாயிலிருந்து தாணேவுக்குச் சென்றது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1837-இல், சென்னையை அடுத்த செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை ஓர் இருப்புப்பாதை இயங்கியது. அதில் மனிதர்கள் பயணம் செய்யவில்லை. சாலை போடுவதற்கான கற்கள் பயணம் செய்தன. சில நீராவி இயந்திரங்கள் அதில் சோதிக்கப்பட்டன என்றாலும், பெரும்பாலான நாள்களில் வண்டிகளை இழுத்தவை கால்நடைகளே. நாட்டின் முதல் இருப்புப்பாதை என்று இன்று கருதப்படும் அந்தப் பாதையை அமைத்தவர் ஆர்தர் காட்டன் என்கிற ராணுவப் பொறியாளர்.

வியப்பு என்னவென்றால், அதே காட்டன்தான் பிற்காலத்தில் இந்திய ரயில் திட்டங்களின் மிகக் கடுமையான விமர்சகராக மாறினார். வாழ்வின் பிற்பகுதியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை அந்த வாதத்திலேயே அவர் செலவிட்டார். அணை கட்டியவர் என்ற அளவில் காவிரிப் படுகையும் கோதாவரிப் படுகையும் அவரை நினைவில் வைத்திருக்கின்றன. போக்குவரத்தைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வியை மட்டும் நாம் மறந்துவிட்டோம். சாலைகளுக்கும் பாலங்களுக்கும் ரயில் தடங்களுக்கும் பல்லாயிரம் கோடி ரூபாய் ஒதுக்கும் இந்தக் காலத்தில், அந்தக் கேள்வியை மீண்டும் எடுத்துப் பார்ப்பது தேவை என்று கருதுகிறேன்.

நான் வசிக்கும் ஏனாத்தூர், பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலைக்கு அருகில் இருப்பது. கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் நெடுந்தூரம் கடந்து எங்கள் பகுதித் தறிகளுக்கு வந்து சேருகின்றன. நெய்து முடித்த சேலை மீண்டும் நெடுந்தூரம் செல்கிறது. ஒரு கிலோ எடைகூட இல்லாத சேலை பல ஆயிரம் ரூபாய் விலை பெறுவதால், அதைக் கொண்டு செல்லும் கூலி விலையில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால், அதை நெய்பவரின் வீட்டில் உலை கொதிக்க வேண்டிய அரிசிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அரிசி கனமானது, விலை குறைந்தது. நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்தால் அதன் விலையில் வண்டிக் கூலி கணிசமான பங்காகிவிடும். பட்டு எந்த வழியிலும் பயணம் செய்யும். அரிசிக்கு மலிவான வழி வேண்டும். காட்டனின் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டு புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

1803 மே 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் பயின்று, 1821-இல் பதினெட்டு வயது இளைஞராகச் சென்னை வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஏரிகளைப் பராமரிக்கும் துறையில் தென்பகுதிக்கு உதவிப் பொறியாளராக அனுப்பப்பட்டார். தமிழகத்தின் ஏரிகள், மதகுகள், கலங்கல்கள், வாய்க்கால்கள் ஆகியவைதாம் அவருக்கு உண்மையான கல்லூரியாக அமைந்தன. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் கப்பல்கள் செல்ல வழியுண்டா என்று பார்ப்பதற்காகப் பாம்பன் நீரிணையை அளந்து ஆராயும் பணியும் அந்த இளம் வயதிலேயே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிருக்கான நீரையும் பாதைக்கான நீரையும் ஒரே மனிதர் ஒரே காலத்தில் கற்றுக்கொள்ள நேர்ந்தது ஒரு நல்வாய்ப்பு. பின்னாளில் அவர் இரண்டையும் பிரித்துப் பார்க்கவே இல்லை.

முதலாம் பர்மியப் போரில் பணியாற்றித் திரும்பிய பின், 1828-இல் காவிரிப் படுகையின் சிக்கலை ஆராயும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், சரிவு மிகுந்த பாதையில் ஓடியதால் மேலும் மேலும் அதிக நீரை ஈர்த்துக்கொண்டது. காவிரியோ மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. தஞ்சைத் தரணியின் வயல்கள் சிறுகச் சிறுக நீரிழந்தன. கொள்ளிடத்தின் தலைப்பில் ஓர் அணையும், கீழே அணைக்கரையில் மற்றோர் அணையும் கட்டி 1836-இல் காட்டன் இந்தச் சிக்கலைத் தீர்த்தார். மேலணை, கீழணை என்று நாம் சொல்பவை அவைதாம்.

ஆழம் காண முடியாத ஆற்று மணலின் மீது கல் அணையை எப்படி நிறுத்துவது என்ற வித்தையைத் தாம் கல்லணையிடமிருந்தே கற்றதாக அவர் வெளிப்படையாக எழுதினார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி, ஆளப்படும் மக்களின் முன்னோரைத் தம் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டது அன்றைய சூழலில் எளிய செய்தியன்று. 2018 ஆகஸ்டில் வெள்ளப் பெருக்கின்போது முக்கொம்பில் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்தச் செய்தியைப் படித்தபோது, 182 ஆண்டுகள் அந்தக் கட்டுமானம் தாங்கி நின்றதை எண்ணிப் பார்த்தேன்.

செங்குன்றம் இருப்புப்பாதை இந்தப் பணிகளை ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தது. சென்னையின் சாலைகளுக்குக் கல் வேண்டும். கல்லை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால், கல்லின் விலையைவிட வண்டிக் கூலி அதிகம். இரும்புத் தண்டவாளத்தின் மீது சக்கரம் உருண்டால் அதே மாடு பல மடங்கு பாரத்தை இழுக்கும். காட்டனுக்கு இருப்புப்பாதை என்பது வேகத்தின் அடையாளமாகத் தோன்றவில்லை. பாரத்தைக் குறைந்த செலவில் நகர்த்தும் ஒரு கருவியாகவே தோன்றியது. அந்தப் பாதை சில ஆண்டுகளே நீடித்தது. ஆனால், எந்த வழியில் ஒரு டன் பாரம் மிகக் குறைந்த செலவில் ஒரு மைல் நகரும் என்று கணக்கிடும் பழக்கம் அவரிடம் நிலைத்துவிட்டது.

உடல்நலம் குன்றி நீண்ட விடுப்பில் ஆஸ்திரேலியப் பக்கம் சென்று, 1841-இல் திருமணம் செய்துகொண்டு திரும்பிய அவரைக் கோதாவரி அழைத்தது. 1832, 1833 ஆண்டுகளில் குண்டூர்ப் பகுதியைத் தாக்கிய பஞ்சத்தில் அங்கிருந்த மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. கிருஷ்ணையும் கோதாவரியும் ஆண்டுதோறும் கடலில் கொட்டும் நீருக்கு அளவே இல்லை. அந்த நீரின் அருகிலேயே மக்கள் பசியால் மாண்டனர். இந்தக் காட்சியே காட்டனின் மனத்தை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது.

ராஜமுந்திரிக்கு அருகே தவளேசுவரத்தில் 1847-இல் தொடங்கிய அணை 1852-இல் முடிந்தது. தீவுகளால் பிரிந்த நான்கு பகுதிகளில், மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குக் கல் கட்டுமானம் எழுந்தது. அணையைப் பலரும் அறிவர். அதிலிருந்து பிரிந்த கால்வாய்களைப் படகு செல்லும் வழிகளாகவும் அவர் வடிவமைத்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை. நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் அடைப்புக் கதவுகள் வைக்கப்பட்டன. வயலுக்குப் பாயும் அதே நீர், விளைந்த நெல்லைச் சந்தைக்குச் சுமந்து சென்றது. மேடுபள்ளமான சாலையில் ஒரு ஜோடி மாடு ஒரு டன்னை இழுக்கத் திணறும். அசையாத நீரில் சில ஆள்கள் கரையோரம் கயிறு கட்டி இழுத்தால் பல டன் ஏற்றிய படகு மெல்ல நகரும். காற்று சாதகமாக இருந்தால் பாய் விரித்தால் போதும். பஞ்சத்தில் நொந்துகிடந்த அந்தப் படுகை ஒரே தலைமுறையில் நெற்களஞ்சியமாக மாறியதற்கு, நீர் கிடைத்தது ஒரு காரணம் என்றால், விளைச்சல் வெளியேற மலிவான வழி கிடைத்தது மற்றொரு காரணம்.

இதே காலத்தில்தான் ரயில் யுகம் பிறந்தது. 1856 ஜூலை 1-ஆம் நாள் சென்னை ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்றது. 1865-இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு மூன்றரை அடி அகலத்தில் ஒரு சிறு ரயில் பாதை வந்தது. பெரிய நகரங்கள் பலவற்றுக்கு முன்பாகவே எங்கள் ஊருக்கு ரயில் வந்துவிட்டது என்பதில் காஞ்சிபுரத்தாருக்கு இன்றும் ஒரு பெருமிதம் உண்டு, எனக்கும் உண்டு.

காட்டன் மட்டும் இந்த உற்சாகத்தில் கலந்துகொள்ளவில்லை. இந்தியாவின் பொதுப்பணிகளைப் பற்றி 1854-இல் அவர் வெளியிட்ட நூலிலும், பின்னர் எழுதிய எண்ணற்ற கட்டுரைகளிலும், உரைகளிலும் ஒரே வாதத்தை வெவ்வேறு வடிவங்களில் முன்வைத்தார். இந்தியா ஏழை நாடு. அதன் சரக்குகள் தானியம், உப்பு, விறகு, பருத்தி என்று கனமானவை. அவசரமாகச் சென்று சேர வேண்டியவை அல்ல. அவற்றுக்குத் தேவை வேகம் இல்லை, குறைந்த கட்டணம். ரயில் கம்பெனிகளுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீத வட்டியை அரசு உத்தரவாதமாகக் கொடுத்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் லண்டனில் முதலீடு செய்தவருக்கு வட்டி போய்ச் சேர்ந்துவிடும். குறைகிற தொகையை இங்குள்ள உழவரின் தீர்வை ஈடுசெய்யும். அதே பணத்தில் கால்வாய் வெட்டினால் பயிரும் விளையும், சரக்கும் மிக மலிவாகச் செல்லும் என்பது அவர் கணக்கு. 1858-இல் இந்தியாவின் பெரும் ஆறுகளைப் படகு செல்லும் கால்வாய்களால் இணைக்கும் விரிந்த திட்டம் ஒன்றையும் அவர் முன்வைத்தார். இன்று நதிநீர் இணைப்பைப் பற்றிப் பேசும் பலரும் அவரை முன்னோடியாகக் கொள்கின்றனர். அவருடைய திட்டத்தில் படகுப் போக்குவரத்துக்கு இருந்த முதன்மையான இடத்தை அவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

காட்டனைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அவர் கம்பெனி ஆட்சியின் ஊழியர். அணைகளால் பெருகும் நிலவரியையும், மான்செஸ்டர் ஆலைகளுக்குச் செல்லும் பருத்தியையும் தம் திட்டங்களின் பயன்களாக அவரே எடுத்துச் சொன்னவர். அவருடைய நம்பிக்கை சில இடங்களில் கணக்கை மீறியது. துங்கபத்திரையிலிருந்து கர்நூல் வழியாகக் கடப்பைக்கு ஒரு தனியார் கம்பெனி வெட்டிய கால்வாய் அவருடைய கனவிலிருந்து பிறந்தது. செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. கரிசல் மண்ணில் மானாவாரிப் பயிர் செய்து பழகிய உழவர்கள் தண்ணீர்த் தீர்வை கட்டி நீர் வாங்க முன்வரவில்லை. நட்டத்தில் மூழ்கிய அந்தக் கால்வாயை 1882-இல் அரசே வாங்க நேர்ந்தது. ஒடிசாவில் தொடங்கிய திட்டமும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. சமவெளிப் படுகைக்குப் பொருந்தியது பாறை நிறைந்த தக்காணத்துக்கும் பொருந்தும் என்று அவர் நம்பிவிட்டார். ஓர் ஊரில் வென்ற வழியை எல்லா ஊருக்கும் விரிக்கும் இந்தத் தவறு இன்றைய திட்ட வல்லுநர்களுக்கும் புதிதன்று.

1861-இல் சர் பட்டம் பெற்று, ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய அவரை மீண்டும் விவாதத்துக்குள் இழுத்தது, நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று நடுக்கத்துடன் குறிப்பிட்ட 1876-78 பெரும் பஞ்சம். சென்னை மாகாணத்தை மையமாகக் கொண்டு தென்னிந்தியா முழுவதும் பரவிய அந்தப் பஞ்சத்தில் ஐம்பது லட்சம் பேருக்கும் மேல் மாண்டதாகக் கணிப்புகள் உள்ளன. குண்டூர்ப் பஞ்சத்தின்போது ரயில் இல்லை. இந்தப் பஞ்சத்தின்போது ரயில் இருந்தது; தானியமும் ரயிலில் வந்தது. ஆனாலும் மக்கள் மாண்டனர்.

இதற்கான காரணங்களைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தானியம் ரயில் நிலையம் வரை வந்தது. அங்கிருந்து கிராமத்துக்குச் செல்ல வண்டி மாடுகள் வேண்டும். தீவனமும் நீரும் இன்றி மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தன. ரயில் தானியத்தைக் கொண்டுவந்ததைப் போலவே, விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்கு எடுத்தும் சென்றது; ஓர் ஊரின் விலையேற்றம் ரயில் தடத்தின் வழியே மற்ற ஊர்களுக்கும் பரவியது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குவதற்கு மக்கள் கையில் காசு இல்லை.

இந்த இடத்தில் நெசவாளரின் நிலையை நினைக்காமல் என்னால் கடந்து செல்ல முடியவில்லை. பஞ்சம் வந்தால் உழவர் விளைச்சலை இழக்கிறார். நெசவாளர் அதற்கு முன்பே வாடிக்கையாளரை இழந்துவிடுகிறார். சோற்றுக்கு வழியில்லாதவர் துணி வாங்க மாட்டார். தறி முதலில் நிற்கும்; தானிய விலை பிறகு ஏறும். காஞ்சிபுரம் போன்ற ஊருக்கு ரயில் வந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தபோதிலும், அதில் வந்திறங்கும் அரிசி கைக்கெட்டும் விலையில் இல்லாவிட்டால் தண்டவாளத்தால் பயனில்லை. ஒரு வழித்தடம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதில் வரும் பொருள் ஏழையின் கைக்கு எட்டுகிறதா என்பது வேறு கேள்வி.

பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து தமிழகத்தின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்ட அந்த நீர்வழி, காட்டனின் கோதாவரி - கிருஷ்ணைக் கால்வாய்களுடன் இணைந்திருந்தது. காக்கிநாடாவில் ஏற்றிய நெல் மூட்டை, அலைகடலைத் தொடாமலேயே சென்னைக்கு வந்து சேர முடிந்தது.

1878-இல் இந்தியப் பொதுப்பணிகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் காட்டன் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. கேள்விகள் கடுமையாக இருந்தன. அவருடைய செலவுக் கணக்குகளும், தோல்வியுற்ற கால்வாய்களும் அவருக்கு எதிராகவே எடுத்து வைக்கப்பட்டன. இந்தியச் சுகாதாரத்திலும் பஞ்ச ஒழிப்பிலும் ஆழ்ந்த அக்கறை கொண்டிருந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அவருக்கு உறுதுணையாக நின்றார். எனினும், குழு அவருடைய பெருந்திட்டத்தை ஏற்கவில்லை. காட்டன் மனம் தளரவில்லை; எழுதிக்கொண்டே இருந்தார். எண்பது வயதுக்கு மேல், டார்க்கிங்கில் தம் வீட்டு நிலத்தை ஆழமாகக் கிளறிப் பண்படுத்திக் கோதுமை விளைச்சலைப் பெருக்கும் சோதனைகளில் ஈடுபட்டார். 1899 ஜூலை 24-ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் அங்கேயே காலமானார். கோதாவரிக் கரையில் இன்றும் அவருடைய சிலைகளுக்கு மாலை விழுகிறது.

ரயில் வென்றது, கால்வாய் தோற்றது. அந்தத் தீர்ப்பு முழுவதும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மழை பொய்த்தால் கால்வாய் வறளும். மலைப்பாங்கான நிலத்தில் படகு ஏறாது. பயணிகளுக்கு வேகம் தேவை. பாலாற்றில் மணலையே பார்த்துப் பழகிவிட்ட எங்கள் பகுதியினர், நீரை நம்பும் வழித்தடத்தின் பலவீனத்தை எவரும் சொல்லாமலேயே அறிவர். ஆனால், தோற்றவருடைய திட்டத்தோடு சேர்த்து அவருடைய கேள்வியையும் தூக்கி எறிந்துவிட்டோம். பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றி வந்த படகுகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் சென்னையில் இன்னும் இருக்கக்கூடும். இன்று அதன் நகரப் பகுதி கழிவுநீர்த் தடம். மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்ளேயே ஊன்றி நிற்கின்றன. நூற்றைம்பது ஆண்டுக்கால விவாதம் எப்படி முடிந்தது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. 2008-இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான நீர்வழி, நான்காவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. தமிழகப் பகுதியில் சரக்குப் படகு இன்னும் மிதக்கவில்லை.

காட்டனின் கேள்வியை இன்று கால்வாயோடு மட்டும் முடிச்சுப்போட வேண்டியதில்லை. இன்று சரக்கு ரயிலே சாலையைவிட மலிவான வழி. காஞ்சிபுரத்தை ஒட்டிய வாலாஜாபாத் நிலையத்தில் கார்கள் சரக்கு ரயிலில் ஏற்றப்படுகின்றன. நெல்லும் காய்கறியும் சிறு தொழிற்கூடங்களின் சரக்கும் அதே வழியில் ஏன் ஏற முடியவில்லை? ஆறுவழிச் சாலையில் சுங்கம் கட்டிச் செல்லும் லாரியின் செலவு, கடைசியில் எவர் வீட்டு அரிசி விலையில் சேருகிறது? நெடுஞ்சாலையிலிருந்து உள்கிராமத்துக்குச் செல்லும் அந்தக் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் எந்த நிலையில் இருக்கிறது? தாது வருஷத்தில் தானியம் நின்றுபோனது அந்தக் கடைசித் தொலைவில்தான்.

ஒரு புதிய வழித்தடம் அறிவிக்கப்படும்போது எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். நாமும் கேட்டு மகிழ்கிறோம். ஒரு மூட்டை அரிசியை நூறு கிலோமீட்டர் கொண்டு செல்ல எத்தனை ரூபாய் குறையும் என்ற கணக்கையும் அந்த அறிவிப்போடு சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்போம். விரைவு வண்டியில் செல்பவருக்கும் பட்டுச்சேலைக்கும் எந்த ஆட்சியிலும் ஏதோ ஒரு வழி திறந்துவிடும். ஒரு நாட்டின் போக்குவரத்தை அளக்க வேண்டியது, அதில் செல்லும் மிகக் கனமான, மிக மலிவான பொருளைக் கொண்டுதான்.